பாட்டியின் பிஸ்கட் டப்பாவும் ஐந்து தலைப்புகளும்

அர்க்காங்கெல்ஸ்கில் மருத்துவம் படிக்கப் போன புதிதில் என்னைக் குழப்பிய ரஷ்யச் சொற்களில் முதல் இடம் ‘ரயோன்’ என்பதற்குத்தான். அகராதி ‘மாவட்டம்’ என்கிறது. சரி, மாவட்டம். ஆனால் வார்டில் ஒரு நோயாளியிடம் எந்த ஊர் என்று கேட்டால் “ரயோனிலிருந்து வருகிறேன்” என்று பதில் வரும். எந்த ரயோன் என்று இன்னொரு தரம் கேட்டால்தான் பெயரைச் சொல்வார். கிராமத்தில் இருப்பவர் “நாளைக்கு ரயோனுக்குப் போகணும்” என்பார். அவர் உட்கார்ந்திருப்பதே ரயோனுக்குள்தான். ஆனாலும் அவருக்கு ரயோன் என்றால் பஸ் பிடித்துப் போய்ச் சேர வேண்டிய, முத்திரை குத்துகிற மேசை இருக்கிற சிறுநகரம். அந்தச் சிறுநகரத்துக்காரரோ “ஒப்லாஸ்ட்டுக்குப் போகிறேன்”, “ஒப்லாஸ்ட்டில் சொல்லிவிட்டார்கள்” என்பார். ஒப்லாஸ்ட் என்பது மொத்த மாகாணமும். அவர் சொல்வது அர்க்காங்கெல்ஸ்க் நகரத்தை, அதிலும் அங்கே இருக்கிற ஏதோ ஒரு அலுவலகத்தை. நிலத்துக்கு வைத்த பெயர் மெல்ல நகர்ந்து போய் அலுவலகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவன்தான் நான். நிர்வாக வரலாறு மாதிரி உப்புச்சப்பில்லாத விஷயம் உலகத்தில் கிடையாது என்பது அப்போது என் கட்சி. கலைக்களஞ்சியத்தில் ஏதாவது ஒரு வடக்கு ரஷ்ய ரயோனைத் தேடிப் பாருங்கள். 1708-இல் இந்த மாகாணத்தில் சேர்க்கப்பட்டது, 1727-இல் அதிலிருந்து எடுக்கப்பட்டது, 1796-இல் கலைக்கப்பட்டது, 1801-இல் மறுபடி அமைக்கப்பட்டது என்று ஒரு பத்தி ஓடும். படித்து முடிக்கும்போது முதல் வரி மறந்திருக்கும். வயலும் காடும் அங்கேயே இருக்கின்றன, பலகையைத்தான் கழற்றி மாட்டுகிறார்கள் என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். அந்த எண்ணம் 2014-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு தோண்டப் போன இடத்தில் ஆட்டம் கண்டது. இன்றுவரை முழுசாகத் தெளியவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் அறை வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பாட்டிக்குச் சொந்த ஊர் கார்கோபோல் ரயோனில் ஒரு கிராமம். அங்கே பெரியவர்களைப் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவதுதான் மரியாதை, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இங்கே பாட்டி என்றே எழுதிவிடுகிறேன். 1939-இல் பிறந்தவர். குளிர்காலம் முழுக்க நகரத்து ஃபிளாட்டில் வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரமாகவே நாற்காலியைப் போட்டுக்கொண்டிருப்பார். மே மாதம் பனி உருகியதும் கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார். கிழங்கெல்லாம் எடுத்து மூட்டை கட்டிய பிறகுதான் திரும்புவது. அந்த வருடம் போனில், “சினோக், உனக்கு இன்னும் முதுகு வலிக்கிற வயசாகவில்லை, வா” என்றார். சினோக் என்றால் மகனே. ராத்திரி ரயிலில் நியாந்தோமா வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் 80 கிலோமீட்டர் மேற்கே போனால் கார்கோபோல். அப்புறம் இன்னொரு பஸ்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தோண்டுகிற வேலை நின்றது. அடுப்படியில் ஈரக் கிழங்கைப் பரப்பிவிட்டு, பாட்டி அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். குடும்பத்துக் காகிதம் அத்தனையும் அதில் இருந்தது. அவருடைய பாட்டியின் கல்லறைச் சிலுவை இற்றுப் போய், புதிதாக ஒன்று நட வேண்டியிருந்ததாம். அதில் பிறந்த வருடம் எழுத வேண்டும். வீட்டில் 1893 என்கிறார்கள், கூட்டுப்பண்ணைக் காகிதத்தில் 1895 என்று இருக்கிறது. “நீதான் கம்ப்யூட்டர் பார்க்கிறவனாச்சே. காப்பகத்துக்கு எழுதிக் கேள்” என்றார்.

எந்தக் காப்பகத்துக்கு என்று கண்டுபிடிக்க, டப்பாவில் இருந்ததையெல்லாம் மேசையில் வரிசையாக வைத்தேன். பாட்டியின் அம்மா, 1913-இல் பிறந்தவர்: ஒலோனெட்ஸ் குபேர்னியா (ஜார் காலத்து மாகாணம்), கார்கோபோல் உயெஸ்ட் (அதற்குள் ஒரு மாவட்டம்). அம்மாவின் தம்பி, 1922: வோலக்டா குபேர்னியா. பாட்டியின் அக்கா, 1932: வடக்கு க்ராய் (சோவியத் காலத்துப் பெரிய மாகாணம்). அண்ணன், 1937 பிப்ரவரி: வடக்கு ஒப்லாஸ்ட். பாட்டி, 1939: அர்க்காங்கெல்ஸ்க் ஒப்லாஸ்ட். கடைசியில் எழுதியிருந்த கிராமத்தின் பெயர் ஐந்திலும் ஒன்று. ஐந்து பேரும் பிறந்தது நான் உட்கார்ந்திருந்த அதே மர வீட்டில், அநேகமாக அதே அடுப்புக்குப் பின்னால்.

“பார்த்தீர்களா, பலகைதான் மாறியிருக்கிறது” என்று சிரித்தேன். பாட்டி சிரிக்கவில்லை. “பலகையா? சரி, அப்போ சொல்லு, எந்தப் பலகைக்குக் கீழே என் பாட்டி இருக்கிறாள்?”

ஆறு ஒரு பக்கம், ஆணை ஒரு பக்கம்

கார்கோபோலை வரைபடத்தில் தேடுகிறவர்கள் முதலில் ஒரு குழப்பத்தைத் தாண்ட வேண்டும். ஊர் ஒனேகா ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆனால் அந்த ஆறு ஒனேகா ஏரியிலிருந்து வருவதில்லை, அங்கே போவதும் இல்லை. பக்கத்திலுள்ள லாச்சா ஏரியில் புறப்பட்டு, வடக்கே ஓடி வெண்கடலில் விழுகிறது. ஊர் பணக்கார ஊரானது இந்த ஆற்றால்தான். வெண்கடல் கரையில் காய்ச்சிய உப்பு ஆற்று வழியாக ஏறி வரும். அதை வாங்கித் தெற்கே அனுப்பும் உரிமை கார்கோபோல் வணிகர்கள் கையில் இருந்தது. சுற்றிலும் மரத்தாலான உலகத்தில் 1562-இல் வெள்ளைக் கல்லால் ஒரு பேராலயம் கட்டுகிற அளவுக்குக் காசு.

பணம் இருக்கிற ஊரை மேலிடம் சும்மா விடாது. பேராலயம் எழும்பி மூன்று வருடத்தில், 1565-இல், கொடுங்கோல் இவான் நாட்டை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைத் தன் சொந்த ஆட்சியாக எடுத்துக்கொண்டான். அந்தப் பாதிக்குப் பெயர் ஒப்ரிச்னினா. அதில் சேர்க்கப்பட்ட ஊர்களின் பட்டியலில் வோலக்டா, உஸ்தியூக், வாகா ஆகியவற்றோடு கார்கோபோலும் இருக்கிறது. மாஸ்கோவிலிருந்து பார்த்தால் அந்த ஊருக்கு இரண்டே உபயோகம். ஒன்று உப்பு. இன்னொன்று, வேண்டாதவர்களைக் கொண்டுபோய் வைக்கிற தூரம். கலகத் தலைவன் போலோத்னிக்கோவை 1608-இல் இங்கே கொண்டுவந்துதான் கண்ணைப் பறித்து ஆற்றில் மூழ்கடித்தார்கள்.

அப்புறம் ஜார் மன்னன் மகா பீட்டர். 1708 டிசம்பரில் நாட்டை எட்டு குபேர்னியாக்களாக வெட்டியபோது, கார்கோபோல் போய்ச் சேர்ந்தது இங்கெர்மன்லாந்து குபேர்னியாவில். இரண்டு வருடத்தில் அதற்குப் பீட்டர்ஸ்பர்க் குபேர்னியா என்று பெயர். வெண்கடல் பக்கம் ஓடுகிற ஆற்றின் கரையிலிருக்கும் ஊரைப் பால்டிக் கடலோரத்து மாகாணத்தில் எதற்குச் சேர்க்க வேண்டும்? கையில் கோடாரி பிடிக்கத் தெரிந்த ஆட்கள் பீட்டருக்குத் தேவைப்பட்டார்கள். ஒலோனெட்ஸ் கப்பல் கட்டும் தளத்துக்கும் சதுப்பில் எழும்பிக்கொண்டிருந்த புதுத் தலைநகருக்கும் தச்சர்களும் கூலிகளும் வேண்டும். எல்லைக்கோடு தண்ணீர் ஓடும் திசையில் போகவில்லை, ஆள் பிடிக்கும் திசையில் போயிற்று. பலகை மாறியதாக நான் படித்துக் கடந்துபோன வரி, ஒரு கிராமத்துத் தச்சனுக்கு ஊரைவிட்டுக் கிளம்பு என்ற உத்தரவாக வந்திருக்கும்.

1727-இல் நோவ்கொரோட் குபேர்னியா, அதற்குள் பெலோசெர்ஸ்க் மாநிலம். 1776-இல் நோவ்கொரோட் ஆளுகைக்குள் ஒலோனெட்ஸ் ஒப்லாஸ்ட். 1781-இல் அதைத் தூக்கி மறுபடி பீட்டர்ஸ்பர்க்கில் வைத்தார்கள். 1784-இல் ஒலோனெட்ஸ் தனி ஆளுகையானது. 1796-இல் மகாராணி இரண்டாம் காத்தரீன் இறந்து அவள் மகன் பாவெல் அரியணை ஏறியதும் முதல் வேலையாக அதைக் கலைத்தார், கார்கோபோல் திரும்ப நோவ்கொரோட்டுக்கு. 1801-இல் அவர் மகன் அலெக்சாந்தர் வந்ததும் ஒலோனெட்ஸ் மறுபடி உயிர்பெற்றது, இந்தத் தடவை குபேர்னியாவாக. அம்மா செத்ததும் மகன் மாற்றினான், மகன் செத்ததும் பேரன் திருப்பினான். இதற்கு மேல் இந்தப் பத்தியில் தத்துவம் எதுவும் இல்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் தலைநகரம்

ஒலோனெட்ஸ் குபேர்னியாவின் தலைநகரம் ஒலோனெட்ஸ் இல்லை, பெட்ரோசாவோட்ஸ்க். இந்த வேடிக்கையை விடுங்கள். பெட்ரோசாவோட்ஸ்க் இருப்பது ஒனேகா ஏரியின் மேற்குக் கரையில். கார்கோபோல் ஏரிக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி. நடுவில் இருப்பது ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய ஏரி. மாகாண அலுவலகத்தில் ஒரு மனுக் கொடுக்க வேண்டுமென்றால், பூடோஷ் வழியாகப் போய் ஏரியைக் கடக்க வேண்டும், அல்லது தெற்கே விட்டெக்ரா வழியாகச் சுற்ற வேண்டும். பனி உறையும் சமயத்திலும் உருகும் சமயத்திலும் ஏரியில் படகும் போகாது, சறுக்குவண்டியும் போகாது. 1801-லிருந்து 1919 வரை, நூறு வருடத்துக்கும் மேலாக, இந்த ஊர் முகம் திருப்பியிருந்தது அந்த ஏரியைப் பார்த்து.

இந்த மாகாணத்தின் முதல் ஆளுநர் ஒரு கவிஞர் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1784-இல் பெட்ரோசாவோட்ஸ்குக்கு ஆளுநராக வந்தவர் கவ்ரீலா தெர்ஷாவின். மேலதிகாரி துத்தோல்மினோடு வந்த நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. 1785 கோடையில் அவரை ஒரு வேலைக்கு அனுப்பினார்கள்: வெண்கடல் கரையில் கெம் என்ற குடியிருப்பை நகரமாகத் திறந்து வைக்க வேண்டும். போய்ப் பார்த்தால் நகரத்துக்கு வேண்டிய அலுவலகமும் இல்லை, அலுவலரும் இல்லை. மந்திரம் சொல்லத் திருச்சபைக்காரரைக்கூடத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக ஒருவரை அழைத்துவந்து, பூசை நடத்தி, நகரம் திறக்கப்பட்டது என்று செனட்டுக்கு அறிக்கை எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்பினார். நேற்றுவரை மீன்பிடிக் குடியிருப்பு, அறிக்கை போனதும் நகரம். அவரே தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். அந்தப் பதவியில் அவர் வெகுகாலம் தாக்குப்பிடிக்கவில்லை. இதைப் படித்தபோது என் பலகைக் கட்சிக்கு நல்ல சாட்சி கிடைத்ததாகத்தான் முதலில் நினைத்தேன்.

கட்சி மாறியது கிழங்கு மூட்டைகளோடு ஊர் திரும்பிய நாளில். கார்கோபோலில் நியாந்தோமா பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மூட்டைகளை டிக்கெட் கவுண்டர் அம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, பாட்டி என்னைப் பேராலயச் சதுக்கத்துக்கு நடத்திக்கொண்டு போனார். ஆற்றோரம் பெரிய புல்வெளி, அதில் தனித்தனியாக வெள்ளைக் கோயில்கள். நடுவே உயரமான மணிக்கோபுரம். 1765-இல் ஊரே எரிந்துபோன பிறகு கட்டத் தொடங்கி, 1778-இல் முடித்தது. பேராலயத்தின் மூலைகளில் அந்தத் தீக்குப் பிறகு முட்டுக்கொடுத்த சாய்வுச் சுவர்கள் இன்னும் இருக்கின்றன, முழங்காலில் கை ஊன்றி நிற்கும் கிழவரைப் போல.

“மேலே பார். கோபுரத்துச் சிலுவை. இப்போ கோயில் சிலுவைகளைப் பார். மறுபடி கோபுரம்” என்றார் பாட்டி.

இரண்டு மூன்று தடவை தலையைத் திருப்பிய பிறகுதான் பிடிபட்டது. கோயில் கூம்புகளின் மேலிருந்த சிலுவைகள் எல்லாம் ஒரே வாக்கில், கிழக்கும் மேற்கும் பார்த்து நிற்கின்றன. கோபுரத்துச் சிலுவை மட்டும் கொஞ்சம் திரும்பி நிற்கிறது, கூட்டத்தில் ஒருவர் மட்டும் வாசலைப் பார்ப்பது போல. ஊரில் சொல்லும் கதை இது: தீப்பிடித்த பிறகு ஊரைத் திரும்பக் கட்ட மகாராணி இரண்டாம் காத்தரீன் பணம் கொடுத்தாள். அவள் நேரில் வருவாள் என்று எதிர்பார்த்தார்கள். அதனால் சிலுவையைப் பீட்டர்ஸ்பர்க் சாலையைப் பார்த்து வைத்தார்கள். தெற்கே சாலையில் வருகிறவர் கண்ணுக்கு அது நேர்முகமாகத் தெரியும்.

“வந்தாளா?”

“எங்கே வந்தாள்! யார்தான் வந்தார்கள்? போக வேண்டியவர்கள் நாங்கள்தான்.”

பாட்டி அதை வருத்தமாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்கிற தொனியில்தான் சொன்னார். எனக்குத்தான் அங்கேயே நின்றுவிட்டது. கிழக்கே பார்த்து வைக்க வேண்டிய சிலுவையையே சாலைப் பக்கம் திருப்புகிற அளவுக்கு, எந்தத் திசையிலிருந்து உத்தரவு வரும் என்பது ஒரு ஊருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. 1708, 1727, 1784 என்று நான் கேலி செய்த அந்த வருடங்கள் ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு விவசாயி, இனிமேல் வழக்கு என்று வந்தால் வண்டியை எந்தப் பக்கம் பூட்ட வேண்டும், வழியில் எத்தனை ராத்திரி தங்க வேண்டும், யார் வீட்டில் தங்கலாம் என்றெல்லாம் புதிதாக விசாரித்திருப்பான். பலகையைப் பார்த்து அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். குதிரைக்கு எத்தனை மூட்டை ஓட்ஸ் கட்டுவது என்பதுதான் அவன் கணக்கு.

ரயில் வராத ஊர்

அதற்குப் பிறகு அந்த வரிசையை வேறு கண்ணோடு படித்தேன். எடுத்துக்காட்டு, நியாந்தோமா. 1890-களின் கடைசியில் வோலக்டாவிலிருந்து அர்க்காங்கெல்ஸ்குக்கு ரயில் பாதை போட்டார்கள். அது கார்கோபோலைத் தொடாமல், 80 கிலோமீட்டர் கிழக்கே காட்டுக்குள் போயிற்று. ரயில் எஞ்சினுக்கு விறகும் தண்ணீரும் வேண்டிய இடத்தில் நியாந்தோமா என்று ஒரு ஸ்டேஷன். அந்த நாளிலிருந்து கார்கோபோலின் உப்பு வழி, ஆற்று வழி, பீட்டர்ஸ்பர்க் சாலை எல்லாமே பழங்கதை ஆகத் தொடங்கின. அலாஸ்காவின் முதல் ரஷ்ய ஆளுநரான பாரானோவைப் பெற்ற ஊர் அது. அவர் காலத்தில் ஊரிலிருந்து உலகத்தின் அந்த முனைவரைக்கும் வணிகம் போனது. இப்போது ரயில் ஏறவே ஒருநாள் வண்டிப் பயணம்.

1919 ஏப்ரல் கடைசியில் கார்கோபோல் உயெஸ்ட்டை ஒலோனெட்ஸிலிருந்து எடுத்து வோலக்டாவோடு சேர்த்தார்கள். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். வடக்கே அர்க்காங்கெல்ஸ்க், போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படை கையிலும் அவர்களுக்குத் துணைவந்த பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் கையிலும். செஞ்சேனையின் ஆறாவது படைக்குத் தலைமையகம் வோலக்டா. அங்கிருந்து ரயில் பாதை நேராகப் போர்முனைக்குப் போகிறது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பெட்ரோசாவோட்ஸ்கை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? மூன்று வருடம் கழித்து, 1922-இல், ஒலோனெட்ஸ் குபேர்னியாவே ஒழிந்தது. பூடோஷ் கரேலியாவுக்குப் போயிற்று, விட்டெக்ரா பெட்ரோகிராடுக்கு. பாட்டியின் மாமா அந்த வருடம்தான் பிறந்தார், வோலக்டாக்காரராக.

1929-இல் குபேர்னியா, உயெஸ்ட், வோலஸ்ட் என்ற பழைய சொற்கள் மொத்தத்தையும் துடைத்தார்கள். அர்க்காங்கெல்ஸ்க், வோலக்டா, வடக்கு த்வினா ஆகிய மூன்று குபேர்னியாக்களும் கோமிப் பகுதியும் சேர்ந்து வடக்கு க்ராய். க்ராய்க்குள் ஒக்ருக்குகள், ஒக்ருக்குக்குள் ரயோன்கள். ஜூலை 15 அன்று கார்கோபோல் ரயோன் பிறந்தது. அது எந்த ஒக்ருக்கில்? நியாந்தோமா ஒக்ருக்கில்! நூற்றாண்டுக் கணக்கில் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தலைமையாக இருந்த கல் நகரம், முப்பது வருட வயதுள்ள ஒரு ஸ்டேஷனின் பெயருக்குக் கீழே போயிற்று. ஒக்ருக்குகள் அடுத்த வருடமே கலைக்கப்பட்டன என்பது வேறு விஷயம். ஆனால் அந்த ஒரு வருட ஏற்பாடு யதார்த்தத்தைச் சரியாகத்தான் பிடித்திருந்தது. நாங்கள் மூட்டையோடு ரயிலேறப் போனதும் நியாந்தோமாவுக்குத்தானே.

1936 டிசம்பரில் கோமியைப் பிரித்து எடுத்த பிறகு மிச்சமிருந்தது வடக்கு ஒப்லாஸ்ட். பத்து மாதம்கூட ஓடவில்லை. 1937 செப்டம்பர் 23 அன்று அதையும் அர்க்காங்கெல்ஸ்க், வோலக்டா என்று இரண்டாக்கினார்கள். அந்தப் பத்து மாதத்துக்குள் பிறந்துவிட்டதால், பாட்டியின் அண்ணன் ஆயுள் முழுக்க விண்ணப்பங்களில் ‘வடக்கு ஒப்லாஸ்ட்’ என்று எழுதி, அப்படி ஒன்று இல்லையே என்று சொல்லும் குமாஸ்தாக்களோடு மல்லுக்கட்டினாராம். பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

அதே 1937-இல் அந்தப் பக்கத்தில் இன்னொரு நிர்வாகமும் தொடங்கியது. பள்ளிக்கூட வரைபடம் எதிலும் அதற்கு நிறம் கிடையாது. கார்கோபோல் லாகர், சுருக்கமாகக் கார்கோபோல்லாக். மரம் வெட்டும் கைதிகளின் முகாம். பிறகு தலைமையகம் ரயில் பாதையோரம் எர்ட்செவோவுக்குப் போய்விட்டது. ஆனாலும் பெயரிலிருந்து கார்கோபோல் போகவில்லை. இதைப் பற்றி நான் கேட்டபோது பாட்டி எழுந்து போய் அடுப்பில் விறகு வைத்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

செல்சோவியத்

படிப்பு முடித்து நான் வந்துவிட்ட பிறகும் புத்தாண்டுக்கும் அவர் பிறந்தநாளுக்கும் போன் செய்வேன். 2020-இல் பேசும்போது, “எங்கள் செல்சோவியத்தை மூடிவிட்டார்கள்” என்றார். செல்சோவியத் என்பது சோவியத் காலத்துக் கிராம சபை. உண்மையில் அந்தப் பெயரில் அங்கே எதுவும் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. 2000-களின் நடுவில் வந்த உள்ளாட்சிச் சட்டப்படி அது ‘கிராமப்புறக் குடியிருப்பு நிர்வாகம்’. யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். சோவியத் போய்விட்டது, செல்சோவியத் மட்டும் ஜனங்கள் வாயிலிருந்து போகவில்லை. 2020-இல் ரயோனுக்குள் இருந்த நகர, கிராம அமைப்புகளை எல்லாம் ஒன்றாக்கி, கார்கோபோல் முனிசிபல் ஒக்ருக் என்று ஒரே அடுக்காக்கினார்கள். 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2010 கணக்கெடுப்பில் 18,000 சொச்சம் பேர், அதில் பாதிக்கு மேல் கார்கோபோல் நகரத்துக்குள்ளேயே. அத்தனை சபைகளை நடத்த ஆளும் இல்லை, காசும் இல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் விறகுக்கும் சாலையில் பனி தள்ளுவதற்கும் முன்பு தெருவில் நிறுத்திக் கேட்கக்கூடிய ஒரு தலைவர் இருந்தார், இப்போது அவரும் நகரத்தில். எனக்கு இதில் பாட்டி பக்கம்தான்.

அதே வருடம் மே 13 அன்று, அர்க்காங்கெல்ஸ்க் ஒப்லாஸ்ட்டையும் வடக்கே துந்திராவில் இருக்கும் நேநெட்ஸ் தன்னாட்சி ஒக்ருக்கையும் இணைக்கப் போவதாக இரண்டு பகுதிகளின் பொறுப்பு ஆளுநர்களும் குறிப்பாணையில் கையெழுத்துப் போட்டார்கள். நேநெட்ஸ் ஒக்ருக் பிறந்ததும் அதே 1929 ஜூலை 15 அன்றுதான். அங்கே எண்ணெய் இருக்கிறது, ஜனம் குறைவு. கடைசியில் நாம் ஒரு கடைக்கோடி ரயோன் ஆகிவிடுவோம், எல்லாவற்றுக்கும் அர்க்காங்கெல்ஸ்குக்கு விமானம் ஏற வேண்டியிருக்கும் என்று அந்த ஒக்ருக்கின் தலைநகரான நர்யான்-மார்காரர்கள் கொதித்துவிட்டார்கள். ஜூலை 1 அன்று நாடு முழுக்க அரசமைப்புத் திருத்தத்துக்கு வாக்கெடுப்பு. கேள்வியில் இந்த இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனாலும் ரஷ்யா முழுவதிலும் ‘வேண்டாம்’ என்பதற்குப் பெரும்பான்மை கிடைத்த ஒரே பகுதி நேநெட்ஸ் ஒக்ருக். 55 சதவீதம். இணைப்புத் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. “அவர்களுக்குத் தெரியும், போக வேண்டியது யார் என்று” என்றார் பாட்டி.

காப்பகத்துக்கு எழுதிய கதையை நடுவில் விட்டுவிட்டேன். முதலில் எழுதிய இடத்திலிருந்து ஐந்து வாரம் கழித்து ஒரு வரி வந்தது: அந்த வருடங்களின் அந்தப் பங்கு ஏடுகள் எங்களிடம் இல்லை. ரஷ்யத் திருச்சபையில் ஞானஸ்நானப் பதிவேட்டை இரண்டு பிரதிகளாக எழுதுவார்கள். ஒன்று கோயிலிலேயே இருக்கும். இன்னொன்று மறைமாவட்டத் தலைமைக்குப் போகும். 1893-இல் இந்தக் கிராமத்துக்கு மறைமாவட்டமும் ஒலோனெட்ஸ்தான். ஆக அந்தப் பிரதி ஏரியைத் தாண்டிப் பெட்ரோசாவோட்ஸ்குக்குப் போயிருக்கும். ஒலோனெட்ஸ் குபேர்னியாவின் காகிதங்கள் இன்று இருப்பது அங்கேதான், இன்னொரு குடியரசின் தலைநகரத்தில், கரேலியாவின் தேசியக் காப்பகத்தில். அங்கே எழுதினோம். பிப்ரவரியில் ஒரு பக்கத்தின் படம் வந்தது.

கடையில் பெரிதாக அச்செடுத்து எடுத்துப் போனேன். பாட்டி மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலே பழைய எழுத்தில் ஒலோனெட்ஸ் குபேர்னியா, கார்கோபோல் உயெஸ்ட் என்று இருந்த தலைப்பை அவர் விரல் தொடாமல் தாண்டியது. வருடம் 1893. வீட்டில் சொன்னதே சரி. பிறகு குழந்தையின் பெயர், அப்பா பெயர், விவசாயி, அம்மா பெயர். ஞானத்தாய் என்ற கட்டத்தில் விரல் நின்றது. அதில் இருந்த குடும்பப் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

“இவர்களா? எதிர்வீடு. 1951-இல் எங்கள் மாடு அவர்கள் முட்டைக்கோஸைத் தின்றதிலிருந்து எங்களுக்குள் பேச்சே கிடையாது.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு தாளை நான்காக மடித்து டப்பாவில் வைத்துவிட்டு, மே மாதம் நியாந்தோமா ரயிலுக்கு ஒரு டிக்கெட் பார்க்கச் சொன்னார். வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்னாடியே.